நாள் சம்பளம் 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் மணிக்கு எவ்வளவு? சிங்கப்பூர்ச் சம்பளக் கணக்குத் தெரிந்தவர்கள் உதவவும்

அறந்தாங்கித் தம்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டெஸ்ட் அடித்து (வேலைத் தேர்ச்சிச் சோதனையில் தேறி)ச் சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இரண்டாண்டு வேலை பெர்மிட். ஏஜெண்டுக்குக் கொடுத்தது, டெஸ்ட் செலவு, பயணம் எல்லாம் சேர்த்து நான்கு லட்ச ரூபாய் ஆயிற்று. அவ்வளவும் ஊரில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியது. இதுவரை அசலில் ஒன்றரை லட்சம் அடைத்திருக்கிறேன்.

சென்ற மாதச் சம்பளச் சீட்டை இங்கே அப்படியே எழுதுகிறேன். நாள் சம்பளம் 18 வெள்ளி, 25 நாளுக்கு 450. ஓடி (கூடுதல் நேர வேலை) 70 மணி, மணிக்கு 3 வெள்ளி வீதம் 210. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு 36. ஆக மொத்தம் 696. கேட்டரிங் சாப்பாட்டுக்கு 150 பிடித்துக்கொண்டு, 546 வெள்ளி வங்கிக் கணக்கில் போட்டார்கள். அந்த மாதம் 26 வேலை நாள். ஒரு நாள் காய்ச்சலில் கிடந்து கிளினிக்கில் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்கிக் கொடுத்தேன். அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை என்று 25 நாளாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கைபேசி ரீசார்ஜ், சோப்பு, ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) போய் வரும் செலவு எல்லாம் போக ஏறக்குறைய 450 வெள்ளி வீட்டுக்கு அனுப்புகிறேன். வெள்ளிக்கு 60 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் 27,000 ரூபாய். வட்டி, அம்மாவின் வீட்டுச் செலவு, தங்கையின் கல்லூரிக் கட்டணம் மூன்றும் போனால் அசலுக்கென்று ஒதுக்க அதிகம் மிஞ்சுவதில்லை.

என் சந்தேகம் இதுதான். 18 வெள்ளியை எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 2.25 வருகிறது. ஓடிக்கு ஒன்றரை மடங்கு என்று அறையில் சொல்கிறார்கள், அப்படியானால் 3.38 வர வேண்டும். கம்பெனி 3 வெள்ளிதான் தருகிறது. சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு, "38 காசுக்குக் கணக்குப் பார்க்கிறாயா" என்று சிரித்தார். 70 மணிக்கு அது 26 வெள்ளிக்கு மேல் வருகிறது. அம்மாவுக்கு ரேஷன் அரிசி போக மற்ற மளிகைக்கு ஒரு மாதம் போதும்.

நான் கணக்கிடுவது சரியா? வேறு வேறு வருமானத்தில் இங்கே இருப்பவர்கள் மாதத்தை எப்படி ஓட்டுகிறீர்கள்? பெர்மிட்டைப் புதுப்பிப்பதா, ஊருக்குத் திரும்பிவிடுவதா என்றும் யோசனையாக இருக்கிறது.

கிராஞ்சிவாசி:

தம்பி, நான் 2009இல் 16 வெள்ளிக்கு வந்தவன். ஒன்றரை மடங்கு என்பதெல்லாம் தாளில் இருக்கும். எதிர்த்துக் கேட்டவர்களை அடுத்த வாரமே விமானம் ஏற்றி அனுப்பியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடன் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஜூரோங் பழையவர்:

கிராஞ்சி அண்ணன் சொல்வதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அந்தக் காலத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் 2009ஐ வைத்து இன்றைய முடிவை எடுக்கக் கூடாது. நான் பெர்மிட்டில் வந்து பதினோரு ஆண்டு வேலை செய்து, இப்போது எஸ்-பாஸில் (பெர்மிட்டுக்கு அடுத்த நிலை வேலை அனுமதியில்) சூப்பர்வைசராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளச் சிக்கலோடு வருகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் பழக்கமும் உண்டு.

தம்பி, நீங்கள் 18 வெள்ளியிலிருந்து தொடங்கியதே தவறு. அது கம்பெனி சொல்லும் எண். நீங்கள் ஊரிலிருந்து புறப்படும் முன் ஐபிஏ என்ற முதற்கட்ட வேலை அனுமதிக் கடிதம் வந்திருக்குமே, அதை எடுத்துப் பாருங்கள். அதில் மாத அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் மூன்றும் தனித்தனியாக எழுதியிருக்கும். அந்த அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று இங்கே எழுதுங்கள், பிறகு பேசுவோம்.

அறந்தாங்கித் தம்பி:

கைபேசியில் தேடி எடுத்துவிட்டேன், அண்ணா. மாத அடிப்படைச் சம்பளம் 600 வெள்ளி என்று இருக்கிறது. அலவன்ஸ் இல்லை, பிடித்தமும் இல்லை. "அது அமைச்சுக்குக் காட்டுவதற்காக எழுதுவது, உனக்கு 18 வெள்ளிதான்" என்று ஏஜெண்ட் சென்னையிலேயே சொல்லிவிட்டார். வேறு எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போடவில்லை.

ஜூரோங் பழையவர்:

கையெழுத்துப் போடாதது மிக நல்லது. அமைச்சுக்குக் காட்டிய சம்பளம்தான் உங்கள் சம்பளம். அதைக் குறைப்பதென்றால் உங்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, மனிதவள அமைச்சுக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஏஜெண்டின் வாய்ச்சொல் இதில் சேராது.

இனி மணிக்கணக்குக்கு வருவோம். மாதச் சம்பளக்காரர்களுக்கு மணிச் சம்பளம் காண, மாத அடிப்படைச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரத்தையும் வாரத்துக்கு 44 மணி நேரத்தையும் பெருக்கிய எண்ணால், அதாவது 2,288ஆல், வகுக்க வேண்டும். உங்களுக்கு 7,200ஐ 2,288ஆல் வகுத்தால் மணிக்கு 3 வெள்ளி 15 காசு. இது உங்கள் சாதாரண மணி. கம்பெனி ஓடிக்குத் தரும் 3 வெள்ளி, உங்களுடைய சாதாரண மணிச் சம்பளத்தைவிடவும் குறைவு என்பதைக் கவனியுங்கள். ஒன்றரை மடங்கு போட்டால் ஓடி மணிக்கு 4 வெள்ளி 72 காசு. எழுபது மணிக்கு 330 வெள்ளி வர வேண்டும், வந்தது 210.

எம்.சி. போட்ட நாளைப் பிடித்ததும் தவறு. ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்குப் பதினான்கு நாள்வரை சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. ஆகவே 450 என்பது 600 ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமைதான் சற்றுச் சிக்கலானது. கம்பெனி கூப்பிட்டு நீங்கள் முழு நாள் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம். நீங்களாகக் கேட்டு வேலை செய்தால் ஒரு நாள் சம்பளம். அதனால்தான் சில கம்பெனிகள், "ஞாயிறு வேலை வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன்" என்று ஒரு தாளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கின்றன. உங்களிடம் வாங்கவில்லை என்கிறீர்கள். உங்கள் நாள் சம்பளம் 23 வெள்ளி 8 காசு. இரண்டு ஞாயிறுக்கும் நான்கு நாள் சம்பளம், 92 வெள்ளி 31 காசு. வந்தது 36.

மூன்றையும் கூட்டினால் 1,022 வெள்ளிக்குச் சற்று மேல் வருகிறது. உங்களுக்குக் காட்டியது 696. ஒரே மாதத்தில் 326 வெள்ளி குறைவு. மாதாமாதம் எம்.சி. வராது, ஓடியும் ஏறி இறங்கும். ஆகவே எல்லா மாதமும் இதே தொகை என்று எண்ண வேண்டாம். ஆனாலும் நீங்கள் 38 காசு என்று தேடிக்கொண்டிருந்த இடத்தில் இவ்வளவு இருக்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். சனிக்கிழமையும் மாலை ஐந்து மணிவரை சாதாரண வேலை என்றுதானே எழுதுகிறார்கள்? எட்டு மணி வீதம் ஆறு நாள் என்றால் 48 மணி. வாரத்துக்கு 44க்கு மேல் போனால் அது ஓடி. அந்த நான்கு மணியும் உங்கள் சீட்டில் எங்கும் இல்லை. மாதத்துக்குப் பதினேழு மணி நேரம் வரை சத்தமில்லாமல் மறைகிறது. அதையும் சேர்த்தால் மாதத்துக்கு 72 மணி என்ற ஓடி வரம்பை நீங்கள் தாண்டிவிடுகிறீர்கள். வரம்பைத் தாண்டி வேலை வாங்கியதற்குக் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். செய்த வேலைக்கு உங்களுக்குக் கூலி வந்தே ஆக வேண்டும்.

சீட்டு எழுதுபவள்:

நான் ஒரு சிறிய துணை ஒப்பந்தக் கம்பெனியில் சம்பளச் சீட்டுத் தயாரிக்கிறேன். பழையவர் சொன்ன கணக்கு சரி. முதலாளிகள் பக்கத்தையும் இங்கே எழுதுகிறேன். நியாயப்படுத்துவதற்காக அன்று, பணம் எங்கே போகிறது என்று தெரிவதற்காக.

கட்டுமானத் துறையில் வெளிநாட்டு ஊழியர் ஒருவருக்காக முதலாளி அரசுக்கு மாதந்தோறும் தீர்வை கட்ட வேண்டும். 2024 ஜனவரி முதல், தேர்ச்சி உயர்ந்தவருக்கு 500 வெள்ளி, அடிப்படைத் தேர்ச்சி மட்டும் உள்ளவருக்கு 900 வெள்ளி. தம்பி வந்து பதினான்கு மாதமே ஆகிறது என்பதால் பெரும்பாலும் 900 பட்டியலில்தான் இருப்பார். எங்கள் கம்பெனி டார்மிட்டரியில் (ஊழியர் விடுதியில்) ஒரு படுக்கைக்கு 480 வெள்ளி கொடுக்கிறது. ஆக, தம்பி கையில் ஒரு காசும் வாங்குவதற்கு முன்பே அவர் பெயரில் 1,380 வெள்ளி போய்விடுகிறது. தீர்வையைக் குறைக்க முடியாது, டார்மிட்டரிக்காரர் குறைக்கமாட்டார், மேல் ஒப்பந்தக்காரர் கொடுக்கும் விலையும் முன்பே பேசி முடித்தது. இத்தனைக்கும் நடுவில் கைக்கு எட்டுவது தொழிலாளியின் ஓடி மட்டும்தான், அதனால் அங்கே கை வைக்கிறார்கள். தீர்வையைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஓடியை 3 வெள்ளி என்று நிறுத்துவது அதையே சுற்றுவழியில் செய்வதுதான்.

கேட்டரிங் பிடித்தம் 150 வெள்ளியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஐபிஏயில் பிடித்தம் இல்லை என்று இருந்தால், நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகுதான் அதைப் பிடிக்கலாம்.

அறந்தாங்கித் தம்பி:

சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன், அக்கா. காலை நாலரைக்கு மூன்று வேளைக்கும் சேர்த்துப் பொட்டலம் வந்துவிடும். மதியச் சோற்றை சைட்டில் கம்பியில் மாட்டி வைப்போம். பன்னிரண்டு மணிக்குப் பிரிக்கும்போது சாம்பார் புளித்து நுரை கட்டியிருக்கும்; சோற்றை மட்டும் ஊறுகாயோடு சாப்பிட்டுவிட்டு மீதியைக் கொட்டிய நாள்கள் உண்டு. அந்த 150ஐ நானே செலவழித்தால் நாலு பேர் சேர்ந்து சமைத்து நன்றாகவே சாப்பிடலாம். ஆனால் எங்கள் டார்மிட்டரியில் அடுப்புக்கு வரிசையில் நின்றால் இரவு பதினொன்றரை ஆகிவிடும்.

உட்லண்ட்ஸ் காவலர்:

வேறு வருமானத்தில் இருப்பவர்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டீர்கள். நான் சிங்கப்பூரன், வயது 48, ஒரு கட்டடத்தில் பாதுகாவல் அதிகாரி. எங்கள் துறையில் படிப்படியாக உயரும் சம்பள முறை இருக்கிறது. அடிநிலை அதிகாரிக்கு 2024இல் 2,650 வெள்ளி, 2025இல் 2,870 வெள்ளி, 2028இல் 3,530 வெள்ளி என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். பார்த்தால் பெரிய தொகை. ஆனால் அது நாளுக்குப் பன்னிரண்டு மணி, வாரத்துக்கு ஆறு நாள் வேலைக்கு. 26 நாளுக்கு 312 மணி நேரம். 2025இன் 2,870ஐ வகுத்தால் மணிக்கு 9 வெள்ளி 20 காசு வந்தது. என் மனைவி ஒரு கடையில் பகுதி நேரமாக நிற்கிறார். அவருக்கு 2025இல் மணிக்கு 10 வெள்ளி 50 காசு. வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள், பகுதி நேர உள்ளூர் ஊழியருக்கு அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் விதி வந்தது. வீட்டில் மணிக்கு அதிகம் சம்பாதிப்பவர் அவர்தான் என்று அவ்வப்போது நினைவூட்டுவார்.

அந்த 2,870இல் மத்திய சேம நிதி என்ற கட்டாயச் சேமிப்புக்கு 20 விழுக்காடு, 574 வெள்ளி, போக 2,296 கைக்கு வந்தது. மூவறை வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீட்டின் கடன் தவணை அந்தச் சேம நிதியிலிருந்தே போய்விடுவதால் தலைக்கு மேல் கூரை இருக்கிறது. இல்லாவிட்டால் இந்தச் சம்பளத்தில் இங்கே குடும்பம் நடத்த முடியாது. மின்சாரமும் தண்ணீரும், நகர மன்றக் கட்டணம், இரண்டு பிள்ளைகளின் துணைப்பாடம், அம்மாவின் நீரிழிவு மருந்து, மளிகை எல்லாம் முடிந்து மாதக் கடைசியில் இருநூறு வெள்ளி நின்றால் அது நல்ல மாதம். போன ஆண்டு குளிர்பதனப் பெட்டி பழுதான மாதத்தில் ஒன்றுமே நிற்கவில்லை.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். படிப்படியான சம்பள முறை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. நான் காவல் காக்கும் கட்டடத்தில் மேல்மாடிப் பழுதுபார்ப்பு நடக்கிறது. காலை ஆறேமுக்காலுக்கு லாரியில் வரும் தம்பிகளுக்கு நான்தான் கதவைத் திறந்துவிட்டு, பெயர் எழுதி அட்டை கொடுக்கிறேன். அவர்களும் நானும் அதே பன்னிரண்டு மணி நேரம் ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். 2025 கணக்கில் என் மணிக்கு 9.20, அவர்கள் மணிக்கு இரண்டோ மூன்றோ. இதை இத்தனை நாள் வகுத்துப் பார்த்ததில்லை. உங்கள் கேள்வியைப் படித்த பிறகுதான் பார்த்தேன்.

பட்டுக்கோட்டை திரும்பியவன்:

ஊருக்குத் திரும்புவதைப் பற்றி நான் சொல்கிறேன். ஒன்பது ஆண்டு அங்கே இருந்துவிட்டு 2022இல் வந்துவிட்டேன். அங்கே கற்ற டைல்ஸ் வேலை இங்கே சோறு போடுகிறது. நாளுக்கு 1,000 ரூபாய். மாதத்தில் இருபது நாள் வேலை வந்தால் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பத்து நாளும் தேறாது. இங்கே மணிக்கணக்கு என்ற பேச்சே கிடையாது. காலை ஒன்பதுக்குப் போனால், போட்ட கலவை தீரும்வரை நிற்க வேண்டும்.

ஆனால் வீட்டுச் சாப்பாடு, சொந்த வீடு, வாடகை இல்லை. அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், ரேஷன் அரிசி, டவுன் பஸ்ஸில் இலவசம். இவை இல்லாவிட்டால் மழை மாதங்களில் கடன்தான். கடன் இல்லாதவனுக்கு இந்த வருமானம் ஓடும். நூற்றுக்கு இரண்டு வட்டி கட்டுகிறவனுக்கு ஓடாது. மீதி இரண்டரை லட்சத்துக்கு மாதம் 5,000 ரூபாய் வட்டி. எனக்கு அது ஐந்து நாள் கூலி. அதனால் கடனோடு திரும்ப வேண்டாம் என்பதே என் யோசனை. அம்மாவிடமோ தங்கையிடமோ நகை இருந்தால் கூட்டுறவு வங்கியில் வைத்து அந்த இரண்டு வட்டிக் கடனை அடையுங்கள்; வட்டி ஏறக்குறைய பாதியாகிவிடும். நான் இதை மூன்றாம் ஆண்டில்தான் செய்தேன். நகையை வைப்பது கௌரவக் குறைவு என்று அப்பா பிடிவாதமாக இருந்ததில் இரண்டு ஆண்டு வட்டி வீணாகப் போயிற்று.

கிராஞ்சிவாசி:

கணக்கெல்லாம் சரி. புகார் கொடுத்த அன்றே பெர்மிட்டை ரத்து செய்தால் தம்பியின் கடனை யார் கட்டுவது? அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே.

ஜூரோங் பழையவர்:

நியாயமான கேள்விதான், அண்ணா. ஒன்றும் நடக்காது என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். பெர்மிட்டை ரத்து செய்யும் அதிகாரம் முதலாளியிடம் இருக்கிறது. ஆனால் சம்பளப் புகார் பதிவாகிவிட்டால் அது முடியும்வரை இங்கே தங்கச் சிறப்பு அனுமதி கொடுக்கிறார்கள்; புகார் சரியென்று கண்டால் வேறு முதலாளியைத் தேடிக்கொள்ளவும் பலரை அனுமதித்திருக்கிறார்கள். என்னோடு வந்த மூவரில் இருவருக்கு அப்படி வேறு வேலை கிடைத்தது. ஒருவர் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்.

காலக்கெடு முக்கியம். வேலையில் இருக்கும்போது கடைசி ஓராண்டு பாக்கிக்குத்தான் புகார் செய்யலாம். வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டும். தம்பியின் முதல் இரண்டு மாதப் பாக்கி ஏற்கெனவே கைவிட்டுப் போயிற்று. இனி ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் பின்னால் ஒரு மாதம் உதிரும். முதலில் டாடம் என்ற முத்தரப்பு அமைப்பில் சமரசம் பேசுவார்கள். அதில் முடியாவிட்டால் தீர்ப்பாயம். எப்படி எழுதுவது என்று வெளிநாட்டு ஊழியர் நிலையத்திலும் வழிகாட்டுவார்கள்.

புகாருக்குத் துணிவில்லை என்றாலும் ஒரு வழி இருக்கிறது. பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாள் வரையான இடைவெளியில், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே கட்டுமான ஊழியர் வேறு கம்பெனிக்கு மாறலாம். அப்படிச் செய்தால் மறுபடியும் ஏஜெண்டுக்கு லட்சங்கள் கொட்ட வேண்டியதில்லை. அந்தத் தேதியை இப்போதே குறித்து வையுங்கள்.

எந்த வழியானாலும் சான்று வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எத்தனை மணிக்கு முடிந்தது, எந்த சைட் என்று தினமும் எழுதி வருகிறீர்களா?

அறந்தாங்கித் தம்பி:

எழுதி வருகிறேன், அண்ணா. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய தினசரி நாள்காட்டித் தாள்களைக் கிழித்ததும் எறியாமல், பின்பக்கத்தில் வேலை தொடங்கிய நேரமும் லாரி கிளம்பிய நேரமும் குறித்துக் கட்டி வைத்திருக்கிறேன். கணக்குக்காகச் செய்யவில்லை, வீட்டுக்குப் பேசும்போது இன்றைக்கு எத்தனை மணி வேலை என்று அம்மா கேட்பார், அதற்காக ஆரம்பித்தது.

நேற்றிரவு அறையில் இந்தக் கணக்கைச் சொன்னேன். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் இதே கம்பெனி. ஆறு பேரின் ஐபிஏயில் 600, ஒருவருக்கு 650; ஒருவர் கடிதத்தைத் தொலைத்துவிட்டார். எல்லோருக்கும் ஓடி 3 வெள்ளிதான். நான்கு பேர் வருகிறோம் என்றார்கள், மற்றவர்கள் யோசிக்கிறார்கள். தங்கையிடம் நகை பற்றிப் பேசினேன். அவள் உடனே சரி என்றுவிட்டாள், அம்மாதான் இன்னும் பதில் சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு வேலை இல்லை என்று சொல்லிவிட்டேன். நாங்கள் ஐந்து பேரும் எங்கே வர வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஜூரோங் பழையவர்:

தனிமடலில் இடம் அனுப்பியிருக்கிறேன். காலை பத்து மணிக்கு வாருங்கள். ஐபிஏ, கிடைத்த சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், அந்த நாள்காட்டித் தாள்கள் எல்லாவற்றையும் முதலில் படம் எடுத்து ஊரில் ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் பிறகு கையில் எடுத்து வாருங்கள். கடிதத்தைத் தொலைத்தவரையும் அழைத்து வாருங்கள். அவருடைய சம்பள விவரம் அமைச்சிடம் இருக்கும்.